வெறும் டயல்

சின்ன வயசுல தென்னை ஓலையில வாட்ச் பின்னிக் கட்டிக்குவோம். என் அக்கா மகன் இப்போ நிஜமாவே ஒண்ணு செஞ்சுட்டான். ஜெரால்ட் ஜென்டா வடிவமைச்சு 1972-ல வெளிவந்த ராயல் ஓக் பாணியில எட்டு மூலை, எட்டு திருகு. ஸ்டீலை அறுத்து, அரத்தால ராவியே ஒரு மாசம் போச்சு. உள்ளே விலைக்கு வாங்கின சீக்கோ என்.எச்.35 மெஷின். கை அசைவிலேயே சாவி ஏறும். கழட்டி வெச்சாலும் சுமார் 41 மணி நேரம் ஓடும்.

"மாமா, டயல்ல அந்தக் கம்பெனி பேரை ஒட்டிடவா?"ன்னான்.

"வேண்டாம்டா. நம்ம அரிசி அடுத்தவன் பேர் போட்ட மூட்டையில போறப்போ வயிறு எரியுதில்ல? உன் உழைப்பை நீயே ஏன் இன்னொருத்தன் பேருக்கு எழுதிக் கொடுக்கிறே?"

பார்த்துச் செய்யறது தப்பில்லைங்க. பேரைத் திருடினாத்தான் போலி. டயல் வெறுமையாவே இருக்கு. எனக்கு அதுதான் அழகு.