பழமையும் பழுதும்

ஒரு பொருள் பழையதாதல் வேறு, பழுதுபடுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதும் மயக்கம் நம்மிடையே பெருகிவருகின்றது. கணினியின் திறத்தில் இம்மயக்கம் பெருங்கேடு விளைக்கின்ற தென்பதும், அக்கேட்டைத் தமிழ் பயிலும் நாம் ஓரளவு தடுத்தல் கூடுமென்பதும் இக்கட்டுரையாற் கூறப்படும்.

தமிழ்நாட்டரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்றோரும், கல்லூரி மாணவர் பலரும் அதனாற் பயன் பெற்றனர். நிலக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களில், மல்லிகைத் தோட்டத்தையும் பூச்சந்தையையும் நம்பி வாழும் குடும்பங்கள் பலவற்றிற்கு முதன்முதல் வாய்த்த கணினி அதுவே. அக்காள் பெற்றதைத் தங்கையும், அவட்குப்பின் தம்பியும் கையாளுகின்றனர். அவற்றுட் பல இன்று பத்தாண்டு கடந்தவை. திடீரென ஒருநாள் அக்கணினி எழ மறுக்கின்றது. “செத்துப்போயிற்று” என்கின்றனர் வீட்டார். “எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போடவேண்டும்” என்கின்றார் கடைக்காரர். முன்னது ஆராயாது கூறும் தீர்ப்பு. பின்னது ஆராயாது செய்யும் மருத்துவம்.

கணினி எழுதல் என்பது ஒரே செயலன்று; நான்கு செயல்களின் தொடர்ச்சியாகும். முதலாவது, மின்சாரம் பாய்தல். இரண்டாவது, பயாஸ் என்னும் அடிப்படை நிரல் உறுப்புக்களைச் சோதித்தல். மூன்றாவது, ஹார்ட் டிஸ்க்கில் உள்ள தொடக்க நிரலைத் தேடி அழைத்தல். நான்காவது, அத்தொடக்க நிரல் இயங்குதளத்தை நினைவகத்திற் கொணர்ந்து பொறுப்பை அதனிடம் ஒப்புவித்தல். எந்நிலையில் நின்றதென்று அறியின், ஆராய வேண்டிய இடம் சுருங்கிவிடும்.

விளக்கே எரியாதாயின், சார்ஜரையும் பேட்டரியையும் ஐயுறல் வேண்டும். இரண்டையும் கழற்றி, மின்பொத்தானை அரை நிமிடம் அழுத்திவிட்டுப் பின் சார்ஜரை மட்டும் இணைத்துப் பார்த்தல் முதற் சோதனை. விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பின், அல்லது பீப் ஒலி மீண்டும் மீண்டும் எழுமாயின், ராம் என்னும் நினைவகத்தை நோக்குக. மின்சாரத்தையும் பேட்டரியையும் நீக்கியபின் அதனைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்பப் பொருத்திய அளவிலேயே எழுந்த கணினிகள் பல. இயங்குதளம் காணப்படவில்லை என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர் தோன்றின், மறந்து செருகிவைத்த பென்டிரைவோ, தளர்ந்த டிஸ்க் இணைப்போ, மாறிய தேடல் வரிசையோ காரணமாகலாம். டிஸ்க்கே பழுதாகியிருத்தலும் கூடும். நாளும் நேரமும் பல்லாண்டு பின்சென்றிருப்பின், உள்ளே நாணயம் போன்று அமைந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்ததென்க. அது தீர்ந்தால் பயாஸின் அமைப்புக்கள் தொடக்க நிலைக்கு மீளும். அதனால் டிஸ்க்கை அணுகும் முறை மாறுமாயின், விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். சிறு மின்கலத்தின் குற்றத்திற்கு டிஸ்க் முழுவதையும் அழித்தல் முறையாகுமா?

விலையில்லாக் கணினிகளுக்கே சிறப்பாக உரிய ஓர் இடரும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அமைந்திருந்தது. எதனை எழுப்புவதென்று கேட்கும் கிரப் என்னும் தொடக்க நிரல் லினக்ஸின் பகுதியிலே தன் கோப்புக்களை வைத்திருக்கும். திரைப்படங்களுக்கு இடம் வேண்டி அப்பகுதியை நீக்கிவிட்டால், அடுத்த முறை கணினி கருந்திரையில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று எழுதி நின்றுவிடும். விண்டோஸும் உள்ளது, கோப்புக்களும் உள்ளன, வாயிற்காவலன் மட்டுமே இல்லை. விண்டோஸ் மீட்புப் பென்டிரைவைக் கொண்டு தொடக்கப் பதிவைச் சீர்செய்தல் போதும்.

2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் நிகழ்ந்ததை அன்பர்கள் மறந்திரார். கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையுள்ள ஒரு கோப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் விமானமேறும் அனுமதிச்சீட்டுக்கள் கையால் எழுதித் தரப்பட்டன. ஆயினும் செத்துப்போயின என்று அக்கணினிகளை எவரும் கைவிட்டிலர். சேஃப் மோடில் எழுப்பி, அவ்வொரு கோப்பை நீக்கினர், அவை எழுந்தன. பெருநிறுவனத்தின் கணினிக்குக் கிடைத்த அவ்வாராய்ச்சி பூ விற்பவர் மகளின் கணினிக்கு ஏன் கிடைத்தல் ஆகாது?

கடைக்காரர் பக்கத்தும் நியாயம் இல்லாமற் போகவில்லை. அவர்க்குப் பொழுது அரிது, கூலியோ சிறிது. விண்டோஸ் 7-இன் ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாளோடும், விண்டோஸ் 10-இன் பொது ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடும் முடிந்தமையின், பழைய கணினிக்கு எளிய லினக்ஸ் ஒன்றைப் புதிதாக இடுதல் நன்றாதலும் உண்டு. அழித்தலே தவறென்று யாம் கூறவில்லை. காத்தபின் அழிக்க வென்றே கூறுகின்றோம். லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பிக் கோப்புக்களைப் படியெடுக்கலாம். அல்லது டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியோடு இணைக்கலாம். டிஸ்க்கினின்று டக் டக் என்னும் ஒலி கேட்பின் உடனே அணைத்துவிடுதல் வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் உள்ளதைக் கெடுக்கும். சாதிச் சான்றிதழின் படி, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், மறைந்த பாட்டியின் ஒரே நிழற்படம் இவையெல்லாம் அவ்வொரு டிஸ்க்கிலேயே இருத்தல் கூடும். புது விண்டோஸ் எந்நாளும் கிடைக்கும், அவை கிடையா.

இனித் தமிழ் மாணவர்க்கு இதில் என்ன தொழிலோ எனின், கூறுதும். கணினி தன் நோயைப் பெரும்பாலும் தானே சொல்லிவிடுகின்றது. ஆனால் ஆங்கிலத்திற் சொல்லுகின்றது. அதனைப் படித்தறிய மாட்டாமையாலேயே வீட்டார் அஞ்சுகின்றனர். அஞ்சுவோர் பிறர் கூறியதை அப்படியே ஏற்கின்றனர். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். உடலின் நோயைத் தமிழில் உரைத்தல் அன்று இயன்றதாயின், கணினியின் நோயைத் தமிழில் உரைத்தல் இன்று இயலாதோ?

ஆதலின் நம் தமிழ்க் கழகமும் கணினித் துறை மாணவரும் கூடி ஒரே பக்கத்தில் ஒரு துண்டுத்தாள் ஆக்குதல் வேண்டும். எழுதலின் நான்கு நிலைகளும், அவற்றின் அறிகுறிகளும், திரையில் தோன்றும் ஆங்கிலத் தொடர்களின் தமிழ்ப் பொருளும் அதில் இடம்பெறுக. நிலக்கோட்டை முதலிய ஊர்களின் நூலகங்களிலும் பள்ளிகளிலும் அதனை ஒட்டுக. அதன் அடியில் இரண்டு வினாக்களைப் பெரிய எழுத்திற் பொறித்தல் வேண்டும்: “எந்நிலையில் நின்றது? கோப்புக்களைப் படியெடுத்தாயிற்றா?” இவ்விரண்டிற்கும் விடை கிடைக்கும்வரை கணினியை அழிக்க எவரும் இசையாதிருப்பாராக.