கன்றுக்குட்டிக்கு ட்ரையர் வாங்கலாமா?



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். தம்மம்பட்டிப் பக்கம் நாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். கால்நடைத் துறை முகாமில் நன்றாக வளர்த்த கிடாரிக் கன்றுக்குப் பரிசு தருவார்கள் அல்லவா? அதற்கு எட்டாம் வகுப்பு படிக்கும் அவன் மகள் தன் ஜெர்சிக் கலப்புக் கன்றைக் கொண்டுபோக ஆசைப்படுகிறாள். வெளிநாட்டு மாட்டுக் கண்காட்சி வீடியோவைப் பார்த்துவிட்டு, அதேபோல் காற்றடிக்கும் ட்ரையர் வேண்டும் என்கிறாளாம். "பன்னெண்டாயிரம் சொல்றாங்க சார். வட்டிக்கு வாங்கலாமான்னு பாக்குறேன்" என்றான்.

அதற்குள் வீட்டிலிருந்த தலைமுடி ட்ரையரைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சத்தத்துக்கு மிரண்டு கன்று கயிற்றை இழுக்க, பிள்ளையின் உள்ளங்கை உரிந்துவிட்டது. ஒயர் ஈரத்தரையில் கிடந்ததாம். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அவனுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். கடன் வாங்கி ட்ரையர் வேண்டாம்.

அமெரிக்காவில் ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு போன்ற கறிமாடுகளுக்குக் குளிர்நாட்டு ரோமம், நீளமாக இருக்கும். அதைக் கழுவி, காற்றடித்து நிமிர்த்தி, கத்தரித்தால் உடம்பு திரண்டு தெரியும். அதற்காகத்தான் அந்த மெஷின். நம் காங்கேயத்துக்கும் ஜெர்சிக் கலப்புக்கும் குட்டை ரோமம். காலை பத்து மணி வெயிலில் கழுவி, பழைய துண்டால் துடைத்து, வைக்கோல் பிரியால் தேய்த்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். தேய்க்கத் தேய்க்க உதிர்முடியும் உண்ணியும் கண்ணில் படும்.

மார்கழிப் பனியிலும் அடைமழையிலும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயம்தான். அன்று குளிப்பாட்டாதீர்கள், துடைத்துவிட்டால் போதும். கட்டாயம் வேண்டுமென்றால் ஹார்டுவேர் கடையில் தூசி ஊத விற்கும் சின்ன ப்ளோயர் போதும். சூடு இல்லாத காற்றுதான் நல்லது. கண்ணிலும் காதிலும் அடிக்கக் கூடாது. முதல் சில நாள் தூரத்தில் ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்குங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. 2000 வாட் மெஷினை 230 வோல்டில் போட்டால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கொட்டாயில் பல்புக்குப் போட்ட 5 ஆம்பியர் பிளக் தாங்காது. ஈரத்தரையில் மின்சாரம் உங்களையும் விடாது, மாட்டையும் விடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத கொட்டாயில் எந்த மெஷினும் வேண்டாம்.

ரோமத்தின் பளபளப்பு வயிற்றிலிருந்து வருவது. குடற்புழு மருந்து, தாது உப்புக் கலவை, பசுந்தீவனம் இவைதான் அதைத் தரும். நாலு மாதம் ஆனதும் கோமாரித் தடுப்பூசி, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதை அரசே இலவசமாகப் போடுகிறது. கன்றைப் பார்க்க வரும் மருத்துவருக்கு உடம்பின் வளர்ச்சியும் தெரியும், பூசிய மினுக்கும் தெரியும்.

மறுநாள் அந்தப் பிள்ளையே பேசினாள். "தாத்தா, கை ஆறினதும் நானே தினமும் தேய்ச்சு விடறேன்" என்றாள். ஆறும்வரை அப்பனைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறேன்.

மாடு வைத்திருப்பவர்கள் உங்கள் பழக்கத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பிருந்தால் திருத்துங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், கெங்கவல்லி