லேபிள் யாருடையது?

டி.வி.யில் பழைய படம் ஆரம்பித்தால், டைட்டில் ஓடும்போதுதான் நம் வீட்டில் எல்லோருக்கும் தாகம் எடுக்கும். ஒருத்தர் தண்ணீர் குடிக்கப் போவார். இன்னொருத்தர் முறுக்கு டப்பாவைத் தேடுவார். 'பேருதானே ஓடுது, படம் வரட்டும்!'

அந்தப் பேருக்காக ஒருத்தர் வேலையையே உதறினார் என்றால் நம்புவீர்களா? அதுவும் எங்கள் திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரச் சொச்ச பஸ் தூரத்தில்!

கோவை சிங்காநல்லூரில் அப்போது சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. ஜூபிடர் பிக்சர்ஸார் அங்கே எடுத்த 'ராஜகுமாரி' 1947-ல் வந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். டைரக்டர் ஏ.எஸ்.ஏ.சாமி. வசனம் எழுத வந்தவர் ஒரு திருவாரூர் இளைஞர். வயசு 22. டைட்டிலில் சாமியின் பெயரோடு, 'உதவி' என்று இவர் பெயர். முதல் படம்தானே, போகட்டும்.

அடுத்தது 'அபிமன்யு', 1948. வசனம் இவருடையது. டைட்டிலில் தேடினால்... ஆளையே காணோம்! சாமியின் பெயர் மட்டும்தான். மனிதர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்.

பேரில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? நடிகருக்காவது முகம் இருக்கிறது. வசனம் எழுதுகிறவனுக்குப் பேர்தான் ஸார் முகம்!

அதே 1947-ல் ஹாலிவுட்டில் டால்டன் ட்ரம்போ என்ற வசனகர்த்தாவுக்கும் இதே கதி. 'நீ கம்யூனிஸ்டா?' என்று அரசாங்கக் கமிட்டி கேட்டது. பதில் சொல்ல மறுத்தார். ஜெயிலுக்குப் போனார். ஸ்டூடியோக்கள் கதவைச் சாத்தின. வயிறு சும்மா இருக்குமா? வேறு பெயர்களில் எழுதித் தள்ளினார். 'ரோமன் ஹாலிடே' கதைக்குக் கிடைத்த ஆஸ்கார், பெயரைக் கடன் கொடுத்த நண்பருக்குப் போனது. 'தி பிரேவ் ஒன்' கதைக்கும் ஆஸ்கார்... 'ராபர்ட் ரிச்' என்ற பெயருக்கு. அப்படி ஒரு எழுத்தாளரே கிடையாது! 1960-ல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில்தான் சொந்தப் பெயர் திரையில் திரும்பி வந்தது. 'ரோமன் ஹாலிடே' ஆஸ்கார் 1993-ல் அவர் மனைவி கைக்கு வந்தது. அவர் போய்ச் சேர்ந்து 17 வருஷம் கழித்து!

நம்மவர் அத்தனை காலம் காத்திருக்கவில்லை. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் கூப்பிட்டது. 1950-ல் 'மந்திரி குமாரி', 1952-ல் 'பராசக்தி' என்று பெயர் ஊரெல்லாம் தெரிந்தது. 1954-ல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் 'மலைக்கள்ளன்'. வசனம்: மு.கருணாநிதி. பேர் இல்லாமல் கிளம்பிய கோயமுத்தூருக்கே பேரோடு வந்துவிட்டார். (அப்புறம் 1969-ல் முதலமைச்சர் ஆனதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.)

பேர் விஷயம் எங்கள் ஊருக்கு நன்றாகவே புரியும். ஒரு டீ-ஷர்ட் கட்டிங், ஓவர்லாக், கைமடிப்பு, செக்கிங், அயர்னிங் என்று எத்தனை கை மாறுகிறது! கடைசியில் கழுத்தில் ஏறுவது யாரோ வெளிநாட்டுக்காரன் லேபிள்.

எங்கள் தெரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிற அக்காவிடம், "உங்க பேரு எங்கியாவது வருமாக்கா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வராமெ என்னங்க? பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா மொதல்ல எம்பேருதான் வரும்!" என்றார், பெடலிலிருந்து காலை எடுக்காமலே.