மைதானத்தைப் பூட்டியவர்கள் கூட்டத்தைப் பற்றிப் பேசலாமா?

"பெண்கள் கால்பந்தைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்கள்? முதலில் கூட்டம் வரட்டும், வருமானம் வரட்டும், அப்புறம் சம்பளத்தைப் பற்றிப் பேசலாம்." விளையாட்டில் சம ஊதியம் என்று வாயெடுத்தாலே கிடைக்கும் பதில் இது. கணக்குப்பிள்ளை பேசுவதைப் போல நிதானமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தின் ஒரு சிறுநகரக் கால்பந்து கிளப் அந்தப் பக்கத்தை நமக்குத் திரும்பக் காட்டுகிறது.

கிழக்கு சசெக்ஸ் பகுதியில் லூயிஸ் என்றொரு ஊர். 'மனித உரிமைகள்' நூலை எழுதிய தாமஸ் பெய்ன், 1768 முதல் 1774 வரை கலால் அதிகாரியாக வாழ்ந்த ஊர். இங்கே 1885-இல் லூயிஸ் கால்பந்து கிளப் தொடங்கப்பட்டது. ரயில் நிலையத்துக்கு அருகில், பழைய மடாலயத்தின் இடிபாடுகளை ஒட்டி அதன் மைதானம் இருக்கிறது. பெயர் 'டிரிப்பிங் பேன்'. இறைச்சி வாட்டும்போது வடியும் கொழுப்பைப் பிடிக்கும் தட்டு என்று பொருள். சுற்றிலும் கரை உயர்ந்து நடுவில் பள்ளமாக இருப்பதால் பார்க்கவும் தட்டு போலத்தான் இருக்கும். சுமார் 3,000 பேர் பார்க்கலாம். இங்கிலாந்தின் மேல்மட்ட நான்கு பிரிவுகளில் 92 கிளப்புகள் ஆடுகின்றன. அதற்குக் கீழே இருப்பவற்றை 'நான்-லீக்' என்பார்கள். லூயிஸ் அந்தக் கீழ்வரிசைக் கிளப்.

இப்போது கிழிக்கப்பட்ட பக்கத்துக்கு வருவோம். முதல் உலகப் போர்க் காலத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குள் வந்தார்கள். அங்கேயே கால்பந்து அணிகளையும் கட்டினார்கள். பிரஸ்டன் நகரத் தொழிற்சாலையில் உருவான 'டிக், கெர்' பெண்கள் அணி, 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க்கில் ஆடியபோது உள்ளே 53,000 பேர் இருந்தார்கள். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். 'கூட்டம் எங்கே' என்று கேட்கிறவர்களே, கூட்டம் அங்கேதான் இருந்தது!

ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒரு முடிவெடுத்தது. கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல. சங்கத்தின் கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டங்களுக்குத் தரக்கூடாது. பெண்கள் ஆடுவதையே சட்டம் போட்டுத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மைதானத்தை மட்டும் மறுத்தார்கள். மைதானம் இல்லையென்றால் டிக்கெட் இல்லை, டிக்கெட் இல்லையென்றால் வருமானம் இல்லை, பயிற்சியாளரும் இல்லை, அடுத்த தலைமுறைச் சிறுமிக்குப் பார்த்துப் பழக ஓர் ஆட்டமும் இல்லை. இந்தத் தடை விலக ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. பொது இடத்தை மறுத்துவிட்டு, பிறகு 'உங்களுக்கு இங்கே என்ன வரலாறு இருக்கிறது' என்று கேட்கும் தந்திரத்தை நாம் யாரும் சொல்லித்தந்து தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

லூயிஸ் இந்தத் தந்திரத்துக்குத் தன் வரவுசெலவுக் கணக்கிலேயே பதில் சொன்னது. 2017 ஜூலையில், ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் வீரர் சம்பளத்துக்குச் சமமான தொகை ஒதுக்குவதாக அறிவித்தது. தொழில்முறை, பகுதிநேரத் தொழில்முறைக் கிளப்புகளில் உலகிலேயே இதைச் செய்த முதல் கிளப் என்று அறியப்படுகிறது. அந்த நேரத்தில் லூயிஸின் ஆண்கள் அணி ஆண்கள் கால்பந்தின் எட்டாம் அடுக்கில் இருந்தது. பெண்கள் அணியோ பெண்கள் கால்பந்தின் மூன்றாம் அடுக்கில். அதுவரை மேலே ஆடியவர்களுக்குக் குறைவாகவும் கீழே ஆடியவர்களுக்கு அதிகமாகவும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்க முடியுமா?

அந்த முடிவை எடுக்க முடிந்ததற்குக் காரணம் கிளப் யாருடையது என்பதில் இருக்கிறது. 2008-இல் ஆண்கள் அணி ஐந்தாம் அடுக்குக்கு ஏறியது. அடுத்த ஆண்டே கீழே விழுந்தது. பணநெருக்கடியில் கிளப் திணறியது. 2010-இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதைக் கைக்கொண்டு, ரசிகர்களின் சொத்தாக மாற்றினார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஓர் ஆளுக்கு ஒரு வாக்குதான். ஒற்றை முதலாளியின் கையில் இருந்திருந்தால் சமத்துவம் அவருடைய கருணையாகியிருக்கும். அவர் மனம் மாறினால் அதுவும் போயிருக்கும்.

எதிர்ப்பக்கம் ஒரு வாதத்தைத் தயாராக வைத்திருக்கிறது. "2024-இல் லூயிஸ் பெண்கள் அணி இரண்டாம் அடுக்கிலிருந்து கீழே இறங்கிவிட்டதே, உங்கள் சமத்துவம் என்னவாயிற்று?" இறங்கியது உண்மைதான். 2009-இல் ஆண்கள் அணியும்தான் இறங்கியது. அன்றைக்கு 'ஆண்களுக்குச் சம்பளம் கொடுத்தது தப்பு' என்று யாராவது எழுதினார்களா? ஆண்கள் தோற்றால் அது ஓர் ஆட்டத்தின் தோல்வி. பெண்கள் தோற்றால் மட்டும் அது ஒரு கொள்கையின் தோல்வியாகிவிடுகிறது. சமத்துவம் கோப்பைக்கு உத்தரவாதம் என்று யாரும் சொல்லவில்லை. தோற்கும் உரிமையும் சமமாக வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

'பணம் இருந்தால் செய்யமாட்டோமா' என்று கேட்பவர்கள் 2023 மார்ச்சைப் பார்க்கட்டும். பெண்கள் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதியில் டிரிப்பிங் பேனுக்கு வந்தது மான்செஸ்டர் யுனைடெட். லூயிஸ் 3-1 என்று தோற்றது. ஆனால் உலகப் பணக்காரக் கிளப்புகளில் ஒன்றான அந்த யுனைடெட், 2005-இல் தன் பெண்கள் அணியைக் கலைத்துவிட்டு 2018-இல்தான் மறுபடி தொடங்கியது. பதின்மூன்று ஆண்டுகள் அவர்களிடம் இல்லாமல் போனது பணமா? அந்தக் கோப்பையின் பரிசுத்தொகையையும் பாருங்கள். 2022-இல் ஆண்கள் சாம்பியனுக்கு 18 லட்சம் பவுண்டு, பெண்கள் சாம்பியனுக்கு 25,000 பவுண்டு. 72 மடங்கு. இதைத் தீர்மானித்தது சந்தை அல்ல, சங்கம். 1921-இல் மைதானத்தைப் பூட்டிய அதே சங்கம். அதன் பரிசுத்தொகை ஏற்றத்தாழ்வை எதிர்த்துக் குரல் கொடுத்ததும் இந்தச் சின்ன லூயிஸ்தான்.

லூயிஸைச் சொர்க்கமாக்கிக் காட்ட வேண்டியதில்லை. 2023-இல் பெண்கள் அணிக்கு வெளி முதலீட்டைக் கொண்டுவர ஒரு முதலீட்டுக் குழுவோடு கிளப் பேச்சு நடத்தியது. உறுப்பினர்களிடையே விவாதம் எழுந்தது. கடைசியில் ஒப்பந்தம் ஏற்படவில்லை. சமத்துவத்துக்குச் செலவு உண்டு. அதற்கான பணத்தை எங்கிருந்து, யாருடைய நிபந்தனையில் வாங்குவது என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வரும். இயக்கங்களில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும்.

தோழர்களே, சமத்துவத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லும் எந்த அமைப்பிடமும் கொள்கை அறிக்கையைக் கேட்காதீர்கள். மூன்றே கேள்விகள் கேளுங்கள். பட்ஜெட்டில் யாருக்கு எவ்வளவு? மைதானத்தின் சாவி யாரிடம்? முடிவெடுக்கும்போது யாருக்கு வாக்கு? 3,000 பேர் மட்டும் நிற்கக்கூடிய ஒரு மைதானத்தை வைத்துக்கொண்டு ஒரு சிறுநகரக் கிளப் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியிருக்கிறது. 90,000 இருக்கைகள் கொண்ட வெம்ப்ளியைக் கட்டியவர்கள் இன்னும் 'கூட்டம் வரட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டியது நம் வேலை.