மீன் வாசமும் வாடகை வீடும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், முன்பணம் எவ்வளவு என்று நாம் கேட்பதற்கு முன்பே அவர்கள் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறார்கள். "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் என்று வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் கிராமத்தை விட்டு வந்த நம் குடும்பங்களில், இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர்கள் குறைவு. "மீன், கறி எல்லாம் சாப்பிடுவோம்" என்றால், "யோசிச்சு அப்புறம் சொல்றோம்" என்கிறார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. பல வீடுகள் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு மாடிப் பகுதி கிடைத்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை கெண்டை மீன் வாங்கி வந்தோம். சன்னல்களைச் சாத்தினோம். கதவின் அடியில் ஈரத்துணியை வைத்தோம். இரண்டு ஊதுபத்தியை ஏற்றி வைத்துவிட்டு, திருட்டுப் பொருளை ஒளிப்பவர்களைப் போல மீன் வறுத்தோம். அதே நேரத்தில் கீழ் வீட்டில் வஞ்சிரம் வறுபட்டது. அந்த மணம் மாடி வரை வந்தது. மறுநாள் காலை வீட்டுக்காரர் சொன்னார், "மேலேர்ந்து கவுச்சி அடிக்குதுன்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க." மூன்றே மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் மீன்தான். கீழே வறுத்தால் வாசனை, மேலே வறுத்தால் கவுச்சி.

தமிழ்நாடு சைவம் சாப்பிடும் மாநிலம் அல்ல. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 100க்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அப்படியானால் இத்தனை வீட்டு வாசல்களில் மீனைப் பற்றி ஏன் விசாரணை நடக்கிறது?

பதில் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையின் பேரில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுப்பது குற்றம் என்று 4ஆவது பிரிவில் சொல்கிறது. ஆகவே வாசலில் நின்று "என்ன சாதி?" என்று கேட்க இப்போது பலருக்குத் தயக்கம். "என்ன சாப்பிடுவீங்க?" என்று கேட்க யாருக்கும் தயக்கமில்லை. அடுத்து "சொந்த ஊர் எது?" என்பார்கள். அதற்கடுத்து "ஊர்ல எந்தத் தெரு?" என்பார்கள். மூன்றாவது கேள்விக்குப் போய்ச் சேரத்தான் முதல் கேள்வி. மீன் வெறும் சாக்கு.

மீன் நாற்றம் உண்மையாகவே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டை அவர்கள் இஷ்டம்போல வாடகைக்கு விடக்கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டைச் சுத்தமாக வைத்திரு, மீன் கழிவைத் தெருவில் போடாதே என்று சொல்ல வீட்டுக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. மீனே சாப்பிடாத வீட்டுக்காரர் மீன் வேண்டாம் என்றால், அதைக்கூட ஒரு பழக்கம் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் தானும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் பையோடு கிளம்புகிறவர், நம் சட்டியை மட்டும் மோந்து பார்ப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

நாற்றத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள், மீனைச் சுத்தம் செய்வதை எங்கள் ஆயாவிடம் கற்றிருக்க வேண்டும். நடவும் அறுப்புமாக வயலிலேயே வாழ்ந்தவர் அவர். தண்ணீர் வடியும் காலத்தில் வாய்க்காலில் ஊத்தா போட்டுப் பிடிப்பார்கள். பெரிய விரால் பண்ணை வீட்டுக்குப் போய்விடும். முள் நிறைந்த பொடிக்கெண்டையும் கெளுத்தியும் குறவையும் நம் சேரிக்கு வரும். சேற்று வாடை அடிக்கும் அந்த மீனைத்தான் ஊரே திரும்பிப் பார்க்கும்படி மணக்க வைத்தார்கள் நம் பெண்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. அரைக் கிலோ கெண்டையை அடுப்புச் சாம்பல் போட்டு உரசிச் செதில் எடுப்பார். கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்துத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசுவார். அம்மியில் எட்டுக் காய்ந்த மிளகாய், ஒரு கரண்டி மல்லி, அரைக் கரண்டி மிளகு, அரைக் கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு, நாலு சின்ன வெங்காயம், நெல்லிக்காய் அளவு புளி, தேவையான உப்பு. தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைப்பார். மீனின் இருபுறமும் கீறல் போட்டு, அந்தக் கீறலுக்குள் மசாலா இறங்கும்படி தடவி, அரை மணி நேரம் மூடி வைப்பார். பிறகு தோசைக்கல்லில் கடலை எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, ஒருபக்கம் நன்றாக வெந்த பிறகே திருப்புவார். அவசரப்பட்டுத் திருப்பினால் மசாலா கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும்.

அதில் உள்ள புளி சும்மா சேர்த்தது அல்ல. மீனின் கவுச்சிக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டுப்படுத்திவிடும். குளத்து மீனின் சேற்று வாடையையும் புளிப்புதான் குறைக்கும். வேதியியல் படித்தவர்கள் இன்று விளக்குவதை, பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத பெண்கள் கைப்பக்குவத்தில் வைத்திருந்தார்கள். கடையில் விற்கும் மசாலாப் பொட்டலத்தில் இந்த அறிவு அச்சிடப்பட்டிருக்காது.

இந்த அறிவைத்தான் நாம் இப்போது மறைத்து வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு மீன் வைத்து அனுப்பாதே என்று பிள்ளைகள் அழுகிறார்கள். அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் தனியாகப் போய்த் திறக்கிறோம். வீடு கிடைக்க வேண்டுமே என்று "நாங்க சைவம்தாங்க" என்று பொய் சொன்னவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். கைக்குழந்தையோடு தெருவில் நிற்பவர்களுக்குக் கூரை முக்கியம். ஆனால் அந்தப் பொய்யைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் ஆயாவின் சமையல் வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று நம்பிவிடுகிறது. வீடு மறுக்கப்பட்டால் வேறு வீடு தேடலாம். மனதுக்குள் புகுந்த வெட்கத்தை அப்படிக் காலி செய்துவிட முடியாது.

செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, ஆட்சியர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நகரங்களில் வாடகை வீடு மறுக்கப்படுவதையும் அந்தக் கூட்டத்தில் பேசுபொருளாக்க வேண்டும் என்று கோருகிறோம். வீடு மறுக்கப்பட்டவர்கள் தேதி, தெரு, கேட்கப்பட்ட கேள்வி, சொல்லப்பட்ட பதில் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். ஒரு குடும்பத்தின் புலம்பலை யாரும் காதில் வாங்கமாட்டார்கள். ஐம்பது குடும்பங்களின் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நாம் வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. வரும் ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கினால், மசாலா அரைக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பையனையும்தான். புளி எதற்கு, சாம்பல் எதற்கு, கீறல் எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். இது யார் கைப்பக்குவம் என்பதையும் சொல்லுங்கள்.

நாங்கள் இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். வீடு பார்க்கப் போன அன்றே மீன் சமைப்போம் என்று சொல்லித்தான் குடிவந்தோம். சன்னலைச் சாத்துவதில்லை.