மாதப் பட்டியலே சிக்கனமா?

புதிதாக இல்லறம் தொடங்கி, ஒரு குழந்தையும் பிறந்து, நகரத்தில் வாடகை வீட்டில் தனித்து வாழும் தம்பதிகளுக்குப் பெரியவர்கள் முதன்முதலாகச் சொல்லித்தரும் குடும்ப சாஸ்திரம் ஒன்று உண்டு. சம்பளம் கைக்கு வந்த மறுநாளே பட்டியல் எழுதி, அரிசி முதல் கடுகு வரையில் அந்த மாதத்துக்கு வேண்டிய சாமான் அனைத்தையும் ஒரே நாளில் வாங்கி டப்பாக்களை நிரப்பிவிட்டால், அதற்கு மேல் ஆகாரத்தைப் பற்றிய கவலை வேண்டாம் என்பதும், வாரம் இவ்வளவுதான் என்று தொகை குறித்துச் செலவிடுவது கையில் ரொக்கம் தங்காதவர்களின் நிர்ப்பந்தமேயன்றிச் சிக்கனமாகாது என்பதும் அந்த சாஸ்திரத்தின் சாரம். அனுபவஸ்தர்கள் சொல்வதால் இதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இந்த அபிப்பிராயம் பெரும்பகுதி பிழையானது என்பதும், சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு வாரமே உணவுக் கணக்கின் இயற்கையான எல்லை என்பதும் என் திடமான கருத்து. மாதப் பட்டியலை ஆதரிப்பவர்கள் கூறும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

மொத்தமாக வாங்கினால் விலை மலிவு என்பது அவர்களுடைய முதல் நியாயம். அரிசியைப் பொறுத்தவரையில் இதை மறுப்பதற்கில்லை. கிலோக் கணக்கில் வாங்குவதைவிடச் சிப்பமாக வாங்குவது லாபந்தான். 25 கிலோவும் அதற்குக் குறைவுமாகப் பையிலடைத்துச் சீட்டு ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி ஏற்பட்டதிலிருந்து, அந்த வரிக்கு உட்படாத 26 கிலோச் சிப்பங்கள் கடைகளில் வந்துவிட்டதையும் இல்லத்தரசிகள் அறிவார்கள். ஆனால் சிப்பம் வாங்குவதற்கும் வாரக் கணக்குக்கும் விரோதம் ஏதுமில்லை. வாரத்துக்கு நாலரைக் கிலோ அரிசி ஆகிற வீட்டில் ஒரு சிப்பம் ஏறத்தாழ ஆறு வாரம் வரும். கிலோ 60 ரூபாய் என்று கொண்டால், வாரந்தோறும் 270 ரூபாயை அரிசிக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்டு, சிப்பம் தீர்கிறபோது அந்தத் தொகையிலிருந்து அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் துவரம்பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயிலையும் இவ்வாறே மாதம் ஒருமுறை வாங்கி வாரங்களுக்குப் பகிர்ந்துகொள்வதில் தடையில்லை. வாங்குகிற நாள் ஒன்று, கணக்குப் பார்க்கிற காலம் வேறு என்ற பேதத்தை மறந்துவிடுவதாலேயே இந்த முதல் நியாயம் வலுவுள்ளதுபோலத் தோன்றுகிறது.

அரிசியை விட்டு மற்றவற்றுக்கு வந்தால் மலிவு என்பது பெரும்பாலும் பிரமையே. கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைகிறதென்று நான்கு கிலோ பருப்பை வாங்கினால் மிச்சப்படுவது இருபது ரூபாய். ஐப்பசி மழையின் ஈரத்தில் ஒரு கிலோ ரவையில் வண்டு விழுந்தால் அந்த மிச்சம் அன்றே போயிற்று. செக்கு எண்ணெயும் வேர்க்கடலையும் நாட்பட்டால் காறல் வாடை ஏறும். அரைத்த பொடிகள் மணமிழக்கும். பழைய காலத்து வீடுகளில் குதிரும் பரணும் காற்றோட்டமான சாமான் அறையும் இருந்தன. இன்றைய இளந்தம்பதிகளின் சமையலறையிலோ, ஒருவர் நின்று திரும்புவதற்கே இடம் போதாத நிலையில், அடுப்பின் அனலுக்கு அருகிலேயே மாதச் சாமான் முழுவதும் அடைந்து கிடக்கிறது. இவற்றையெல்லாம்விடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் நிறைந்திருக்கும் முதல் வாரத்தில் வாணலியில் ஊற்றுகிற கைக்கும், அடியில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் கடைசி வாரத்தில் ஊற்றுகிற கைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சமைத்துப் பழகியவர் எவரும் ஒப்புக்கொள்வார்.

இரண்டாவதாக, வாரந்தோறும் கடைக்குப் போனால் கண்டதையெல்லாம் வாங்கத் தோன்றும், மாதம் ஒருமுறை போனால் அந்த ஆபத்து ஒரே நாளோடு முடிந்தது என்கிறார்கள். செலவு கசிகிற இடம் மாதப் பட்டியலில் இல்லாததே இதற்குப் பதில். மத்திய அரசு 2022-23இல் நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, இந்திய நகரக் குடும்பங்களின் மொத்தச் செலவில் உணவின் பங்கு சுமார் 39 சதவீதம். அந்த மொத்தச் செலவில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குப் போவது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. பானங்களுக்கும், பலகாரங்களுக்கும், பதப்படுத்திய உணவுகளுக்கும் போவதோ பத்து சதவீதத்துக்கு மேல். எதைக் கண்ணுங்கருத்துமாகப் பட்டியலிட்டு வாங்குகிறோமோ அது சிறு பகுதி. பட்டியலில் ஏறாத பிஸ்கட்டும், மாலை நேரத்து பஜ்ஜியும், களைத்து வந்த இரவில் கைபேசியில் வரவழைக்கும் பரோட்டாவும் அதைவிடப் பெரிய பகுதி. மாதக் கணக்குக்காரர் இவற்றை உணவுச் செலவென்றே எழுதுவதில்லை. மாதக் கடைசியில் பணம் எங்கே போயிற்று என்று வியக்கிறார். வாரத் தொகை குறித்தவர் வியாழக்கிழமையே கைவசம் இருப்பதை எண்ணிப் பார்த்து, வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொள்கிறார். தவறினாலும் அந்தத் தவறு ஏழு நாளோடு நின்றுவிடுகிறது.

மூன்றாவது ஆட்சேபம் சற்றுக் கனமானது. காய்கறி விலை நிலையில்லாமல் ஏறி இறங்குகையில் வாரத் தொகையை எப்படி நிர்ணயிப்பது என்று கேட்கிறார்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனதையும், தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் நியாயவிலைக் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க நேர்ந்ததையும் எடுத்துக் காட்டுகிறார்கள். விலை நிலையாக இருந்தால் மாதக் கணக்கே போதும் என்று நானும் சம்மதிப்பேன். நிலையாக இல்லாததனாலேயே, நிலைமையை அடிக்கடி பார்க்கிற கணக்கு வேண்டியிருக்கிறது. அந்த ஜூலையில் வாரத் தொகை வைத்திருந்த குடும்பம் தக்காளிக் குழம்பை நிறுத்தி, புளியையும் மாங்காயையும் கொண்டு சமைத்து, அந்த வாரத்திலேயே செலவைச் சரிக்கட்டியிருக்க முடியும். மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பர் 14இல் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்ட நாளிலிருந்து, அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதி வைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்து வருகிறது. அந்தப் பலகையைப் பார்த்து, எது மலிந்ததோ அதை அந்த வாரத்துக் கறியாக்கிக்கொள்வது வாரக் கணக்குக்காரருக்கே வாய்க்கும் சௌகரியம். தொகை நிலையாக இருக்கட்டும், காய் மாறட்டும். இதற்கும் அடங்காத ஏற்றத்துக்காக வாரம் நூறு ரூபாய் தனியே ஒதுக்கி, செலவாகாத வாரங்களில் அதை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோனால் போதும்.

வருமானம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஆகையால் கணக்கும் மாதத்துக்கே இருக்கவேண்டும் என்பது நாலாவது. வருமானம் எல்லோருக்கும் மாதந்தோறும் வருவதுமில்லை. திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொண்டே குடித்தனம் நடத்தி வருகிறார்கள். மாதச் சம்பளக்காரர் வாரத்துக்குப் பிரிக்கையில் ஒரு பிழை மட்டும் நேராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். உணவுக்கு மாதம் 7,800 ரூபாய் என்று வைத்திருப்பவர் அதை நாலால் வகுத்து வாரம் 1,950 என்று எடுத்துக்கொண்டால், வருஷத்தின் 52 வாரங்களுக்கு 1,01,400 ரூபாய் வேண்டும். ஒதுக்கியதோ 93,600 தான். பற்றாக்குறை சரியாக ஒரு மாதத் தொகை. வருஷத் தொகையை 52ஆல் வகுத்தால் வாரத்துக்கு 1,800 என்று வரும். அதுவே செலவிடத்தக்க தொகை. வாரக் கணக்கு வைத்தும் தோற்றுப்போனோம் என்று சொல்லுகிற பலர் தோற்றது இந்த வகுத்தலில்தான்.

குழந்தை இருக்கிற வீட்டில் சாப்பாட்டுக்கு வரம்பு கட்டுவது தகாது என்பது ஐந்தாவது. இதுவே மனத்தை மிகவும் தொடுவதும், என் கருத்தில் மிகவும் தலைகீழானதும் ஆகும். மாதப் பட்டியல் வீட்டின் நாலாவது வாரத்தைப் பாருங்கள். டப்பாக்களில் அரிசி உண்டு, பருப்பு உண்டு, புளியும் மிளகாயும் உண்டு, ரொக்கந்தான் இல்லை. அப்பொழுது எது குறைகிறது? முன்கூட்டியே வாங்கி வைக்க இயலாத பாலும், முட்டையும், கீரையும், பழமும், மீனுமே குறைகின்றன. வயிறு நிறைகிறபடியால் பெற்றோருக்கு அது குறையாகத் தெரிவதில்லை. அரை லிட்டர்ப் பால் தண்ணீரால் நீண்டு காப்பியாகிறது. குழந்தையின் தட்டில் ரசஞ்சாதம் மூன்று வேளையும் வருகிறது. இப்படி வருஷத்தில் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஏழெட்டு நாள், வளரும் பருவத்துக் குழந்தை சத்துக் குறைந்த ஆகாரத்தைப் பெறுகிறது. இதை வேறு யாரும் அதற்குச் செய்யவில்லை. அன்புள்ள தாய்தந்தையரின் கணக்கு முறையே செய்கிறது.

வயிறு நிறைவதும் உடல் போஷணை பெறுவதும் ஒன்றல்ல என்ற உண்மையை நம் நாட்டு ஆராய்ச்சி தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918இல் நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவரின் தலைமையில், பெரிபெரி என்னும் நோயை ஆராய்வதற்காகவே ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. தீட்டிய வெள்ளரிசியையே பிரதானமாக உண்பவர்களைப் பீடிக்கும் நோய் அது. அந்த நிறுவனம் இப்போது விதிக்கும் தட்டில், ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் ஏறத்தாழ 250 கிராம். காய்கறியும் கீரையுமாக 400 கிராம். பழம் 100 கிராம். பால் 300 மில்லி. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனிக்கவேண்டும். தட்டின் பெரும்பகுதி சில நாட்களுக்கு மேல் தங்காத பொருளாக இருக்கும்போது, முப்பது நாளைக்கு ஒருமுறை போடும் பட்டியல் அந்தத் தட்டை எவ்வாறு காக்கும்?

ஆகவே வாரத் தொகையைக் குழந்தைக்கு விதிக்கும் உச்ச வரம்பு என்று எண்ணாமல், குழந்தைக்குக் குறையாமல் கிடைக்கவேண்டிய அடித்தொகை என்று எண்ணவேண்டும். கணவன், மனைவி, மூன்று வயதுக் குழந்தை என்ற ஒரு வீட்டுக்கு மாதிரிக் கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். ஆவின் நீல உறைப் பால் அரை லிட்டர் 20 ரூபாய். நாளுக்கு ஒரு லிட்டரென்றால் வாரத்துக்கு 280. காய்கறியும் கீரையும் ஏழு கிலோ, சராசரி ஐம்பது ரூபாய் என்று 350. வாழை, கொய்யா, பப்பாளி என்று மலிந்த பழங்களுக்கு 150. டஜன் முட்டைக்கு 85. மீனோ கோழியோ ஒரு நாளைக்கு 250. மரக்கறி உண்பவர்கள் இதைத் தயிருக்கும் கடலைக்கும் சுண்டலுக்குமாகப் பிரித்துக்கொள்ளலாம். இவ்வளவையும் முதலில் எழுதினால் 1,115 ஆகிறது. அதன் பிறகு அரிசிக்கு 270, பருப்புக்கு 150, எண்ணெய்க்கு 120, மற்ற மளிகைக்கு 145 என்று சேர்த்தால் 1,800. விலைகள் ஊருக்கு ஊர் வேறுபடும்; தொகையும் வேறுபடும். வரிசை மட்டும் மாறக்கூடாது என்பதே என் வேண்டுகோள். மாதப் பட்டியல் அரிசியில் தொடங்கிப் பாலில் வந்து கையை விரிக்கிறது; வாரக் கணக்கு பாலில் தொடங்குகிறது.

வாரந்தோறும் கணக்கெழுத யாருக்கு நேரமிருக்கிறது, அதுவும் வீட்டுப் பெண்ணின் தலையில்தானே விழும் என்ற கடைசி ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது கணக்கின் குற்றமன்று, வேலைப் பிரிவினையின் குற்றம். முதல் நான்கு வாரங்களுக்கு எந்தத் தொகையும் விதிக்காமல், வெளியில் வாங்கிய டீ, வடை உட்பட ஆனதை ஆனபடி எழுதிக்கொண்டு வந்தால் போதும். குடும்பத்தின் உண்மையான அளவு அதிலிருந்தே புலப்படும். ஐந்தாவது வாரத்திலிருந்து தொகையைக் குறித்து, அந்த ரொக்கத்தை வேறு செலவுகளோடு கலக்காமல் தனியே வைத்து, சனிக்கிழமை இரவு குழந்தை உறங்கிய பிறகு இருவரும் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். மறுநாள் விடியற்காலையில் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போவது இருவரில் யார் என்பதையும் அப்பொழுதே தீர்மானித்துக்கொள்ளலாம்.