சாயங்காலத்தை என்ன செய்கிறோம்?

பி.பி. பார்க்கிறோம். ஷுகர் பார்க்கிறோம். காலையில் அரை மணி நேரம் கைவீசி நடக்கிறோம். ஊறுகாயை ஒதுக்கியாயிற்று, காபியில் சர்க்கரையை நிறுத்தியாயிற்று. அறுபதைத் தாண்டிய நம்மில் பலருக்குக் காலைப்பொழுது ரொம்ப ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் சாயங்காலம்? ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தால், பத்து மணிக்குத்தான் 'சரி, படுக்கலாம்' என்று எழுந்திருக்கிறோம். நடுவில் சாப்பாட்டுத் தட்டும் அங்கேயே வந்துவிடுகிறது. தினம் நாலு மணி நேரம்... வருஷத்துக்கு 1,460 மணி! 'சாயங்காலம் என்ன பண்றீங்க?' என்று எந்த டாக்டரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

டி.வி.யைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும்தான் பார்க்கிறேன். என் கட்சி இவ்வளவுதான்: வாரத்தில் சில சாயங்காலமாவது, நாம் நேரில் போய் உட்கார்ந்தே ஆகவேண்டிய ஒரு காரியத்துக்குப் போகட்டும். எனக்கு அப்படி மூன்று உண்டு. பாராயணம், சேப்பாக்கம், சபா நாடகம். "என்னம்மா இது... சாமி, கிரிக்கெட், டிராமான்னு ஒரே கதம்பமா இருக்கே?" என்று மருமகள் சிரிப்பாள். கதம்பம்தான்!

முதலில் படிப்பு. பக்திப் புத்தகம் படிப்பதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வாய்விட்டுப் படிப்பதை. என் பெரியக்காவின் கணவர் காலமான பிறகு, அக்கா ஏறக்குறைய ஒரு வருஷம் சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். பிள்ளை அமெரிக்காவில். இரவுச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. தூக்கத்துக்கு மாத்திரை. அவள் இருக்கிற குடியிருப்பில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் திருவாசகம் படிக்கிறார்கள். மொத்தம் 51 பகுதி, 658 பாட்டு. ஆளுக்கு ஒரு பதிகம் என்று முறை வைத்துக்கொண்டு படிப்பார்கள். யாரோ வற்புறுத்தி அவளையும் அழைத்துப் போனார்கள். முதல் நாள் அவள் முறை வந்தபோது குரலே எழும்பவில்லையாம். "அன்னைக்குக் காலையிலேர்ந்து நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசலைன்னு அப்பத்தான்டி தெரிஞ்சுது" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

வாய்விட்டுச் சொல்லும்போது மூச்சு தானாக நிதானப்படும். இத்தாலியில் 23 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும் சரி, மந்திரம் சொன்னபோதும் சரி, மூச்சு நிமிடத்துக்குச் சுமார் ஆறு என்ற கணக்குக்கு இறங்கியதாம். ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் உடம்பின் அனிச்சைச் செயலும் மேம்பட்டதாம். சின்ன ஆய்வுதான். இதைக் காட்டி பி.பி. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! மனப்பாடம் செய்ய விரும்புகிறவர்களுக்கு அபிராமி அந்தாதி நல்லது. ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்தே அடுத்த பாட்டு தொடங்குவதால், தொலைந்துபோகாமல் கையைப் பிடித்து அழைத்துப் போகும். ரமலானில் 30 பாகங்களாகக் குர்ஆன் ஓதுகிற வீடுகளிலும் இந்தச் சுகம் தெரியும்.

அடுத்தது கிரிக்கெட். இங்கே ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2006-ல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தபோது மூனிக் வட்டாரத்தில் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில், இதயக் கோளாறோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் மற்ற நாட்களைப்போல 2.66 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே, நெஞ்சுவலி வந்தவர்களும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களும் டாக்டரைக் கேட்காமல் கடைசி ஓவர் பார்க்கப் போகவேண்டாம்.

மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். ஏன் போகவேண்டும்? வீட்டில் பார்த்தால் பந்து எங்கே போயிற்று என்பது நன்றாகத் தெரியும், வாஸ்தவம். மைதானத்தில் தெரிவது வேறு. 1999 ஜனவரி 31... சேப்பாக்கத்தில் பாகிஸ்தானோடு டெஸ்ட். அண்ணாவோடு போயிருந்தேன். ஜெயிக்க 271 ரன் வேண்டும். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்துவிட்டு அவுட்டானபோது பாக்கி 17 ரன்தான். அப்புறம் நாலே ரன்னில் மிச்ச மூன்று விக்கெட்டும் போய், 12 ரன்னில் தோற்றோம். அத்தனை ஆயிரம் பேர் வாயடைத்து உட்கார்ந்திருந்த அந்த நிசப்தத்தை எந்த டி.வி.யும் காட்ட முடியாது. கொஞ்ச நேரத்தில் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கியது. அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று தட்டினோம். பக்கத்திலிருந்த பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். வீட்டில் இருந்தால் அந்த மனுஷர் டி.வி.யை அணைத்துவிட்டு, யார் மேலாவது எரிந்து விழுந்திருப்பார். கூட்டத்தோடு சேர்ந்து தோற்கும்போது அந்தத் துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடுகிறது.

நாடகம் மூன்றாவது. உண்மையைச் சொன்னால், எனக்கு இதுதான் முதலாவது! யுனைட்டட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952-ல் தொடங்கிய குழு. பிறகு சோ, மௌலி, காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர் என்று வரிசையாக எத்தனை பேர் நம்மைச் சிரிக்க வைத்தார்கள்! ஆபீஸ் விட்டு நேரே சபாவுக்கு வந்து, கேன்டீனில் ஒரு காபியைக் குடித்துவிட்டு ஓடிப்போய் ஸீட் பிடித்த தலைமுறை நாங்கள். 2008-ல் கிரேஸி மோகனின் 'சாக்லேட் கிருஷ்ணா' வந்தபோது பேரனையும் அழைத்துக்கொண்டு போனேன். ஒரு ஜோக்குக்கு நாம் சிரித்து முடிக்கிற வரை, மேடையில் இருப்பவர் அடுத்த வசனத்தைச் சொல்லாமல் காத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் நாடகம். டி.வி.க்கு நாம் சிரித்தோமா, தூங்கினோமா என்று என்ன தெரியும்? 2019-ல் மோகன் மறைந்த செய்தி கேட்டபோது, அந்த அரங்கத்துச் சிரிப்புச் சத்தம்தான் காதில் கேட்டது.

இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய 6,710 பேரைச் சுமார் 14 வருஷம் கவனித்து, 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சில மாதங்களுக்கு ஒரு தடவையாவது நாடகம், கச்சேரி, மியூசியம் என்று போய்வந்தவர்களுக்கு, போகாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 சதவிகிதம் குறைவாக இருந்ததாம். நடமாட முடிந்தவர்கள், வசதி உள்ளவர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அதையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகு வந்த கணக்கு இது. ஆனாலும் இது கவனித்துச் சொன்னதுதான். நாடகம்தான் ஆயுளைக் கூட்டியது என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் நாடகத்துக்குப் போவது ஆயுளுக்காகவும் இல்லை.

இத்தனை சொன்னாலும், வயதானவர்கள் வெளியே வருவதற்கு நம் ஊர் எவ்வளவு முட்டுக்கட்டை போடுகிறது! பெரிய மேட்ச்சுகளுக்கு டிக்கெட் பெரும்பாலும் ஆன்லைனில். நாம் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. உள்ளே போனால் செங்குத்தான படி, கைப்பிடி இல்லாத வரிசைகள். சில பழைய அரங்குகளில் பாத்ரூமுக்கு மாடிப்படி இறங்கவேண்டும். இதனாலேயே மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் அது எவ்வளவு ஆபத்து! அரங்கு நடத்துகிறவர்கள் இரண்டு கைப்பிடியும், தரைத்தளத்தில் ஒரு பாத்ரூமும் கட்டினால், காலியாகக் கிடக்கும் ஸீட்டுகளில் பாதி நிரம்பும் என்பது என் அபிப்பிராயம்.

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள், "அம்மாவுக்கு என்ன வாங்கி அனுப்பட்டும்?" என்று. பி.பி. மெஷின் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. அங்கிருந்தே இரண்டு டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று கூடப் போகிறவருக்கு. போகவரக் காருக்கும் சொல்லிவிடுங்கள்.

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவுக்கு எங்கள் தெருவிலிருந்து நாலு பேர் கிளம்புவதாக இருக்கிறோம். அக்காவையும் கூப்பிட்டேன். "ரெண்டு மணி நேரமெல்லாம் என்னால உட்கார முடியாதுடி" என்கிறாள். அவளுக்காக ஓரத்து ஸீட் கேட்டு வைத்திருக்கிறேன்.